செல்லமுத்து வரைந்த கரடி

செல்லமுத்துவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவருக்கு நாய் என்றால் பயம். கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு நாய் வழியில் படுத்திருந்தால், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், அங்கே ஒரு டீ குடித்து, அது எழுந்து போன பிறகுதான் இந்தப் பக்கம் வருவார். பூனையைத் தொட மாட்டார். வீட்டில் ஒரு கோழி வளர்க்கக் கூட விட மாட்டார் என்று அவர் மனைவி பவானி முப்பது வருடமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார். இந்த மனிதர்தான் கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சுவர்களில் இத்தனை காலமாகச் சிங்கம், புலி, யானை என்று வரைந்து தள்ளியிருக்கிறார்.

பிறந்த ஊர் நைனார்பாளையம். அப்பா குத்தகைக்கு நிலம் பார்த்தவர். மகன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார். விலங்கு வரையக் கற்றது அங்கேதான். லாரிக் கதவில் சிங்கம், பின்பக்கம் பசுவும் கன்றும். அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கதவில் இருக்கும் மிருகம் வண்டி போகும் திசையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் இடது கதவுச் சிங்கத்தை டீசல் டேங்க் பக்கம் பார்க்க வைத்துவிட்டார். டிரைவர் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார். "வண்டி முன்னால போவும், சிங்கம் பின்னால போவுமா?" என்று கேட்டாராம். ராத்திரியோடு ராத்திரியாகச் சிங்கத்தைத் திருப்பினார்கள்.

அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. கடைச் சுவரில் வரைந்தால் எல்லா மிருகமும் கடை வாசலைப் பார்த்து நடக்கும். பள்ளிக்கூடச் சுவரில் வரைந்தால் ஹெட்மாஸ்டர் அறையைப் பார்த்து நடக்கும். புதிதாக ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் நான் யாரையும் வழி கேட்டதில்லை. யானை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனால் கையெழுத்துப் போடும் நோட்டு கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம், அவர் வரையும் மிருகங்கள் எல்லாம் சிரிக்கும். புலி சிரிக்கும், முதலை சிரிக்கும், பாம்பு கூட ஏதோ நல்ல செய்தி கேட்டது போல் இருக்கும். ஏன் என்று கேட்டால், "புள்ளைங்க பயந்துக்கும் டீச்சர்" என்பார். பயப்படுகிற பிள்ளை யார் என்பது எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செந்தமிழ்ச்செல்வி என்ற பெயரைக் கேட்டுத் தமிழ் டீச்சர் என்று நினைக்கிறவர்கள் அதிகம். நான் விலங்கியல். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளிகளில் தவளையை அறுத்துக் காட்டியவள். கொஞ்சம் கோபக்காரி, அதை மறைக்கப் போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களுக்கு என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன். மலையில் இருக்கும் இருபது விலங்குகள், பறவைகள். ஒரு பக்கம் எழுத்து, எதிர்ப்பக்கம் படம். புலியும் ஒட்டகச்சிவிங்கியும் போட்ட புத்தகங்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்தாகிவிட்டது. அவர்கள் வீட்டுக் கொல்லையில் தினமும் வந்து போகிறவைகளைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை.

படத்துக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, அச்சகம் வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ், "போட்டோ இருக்குது மேடம், இன்னா மிருகம் வேணும் சொல்லுங்க, பத்து நிமிசத்துல எறக்கிடலாம்" என்றான். அவன் என் பழைய மாணவன். தவளையை அறுக்கச் சொன்ன அன்று மயங்கி விழுந்தவன். போட்டோ என்றே முடிவு செய்திருந்தேன். அதற்குள் விஷயம் செல்லமுத்துவின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை கையில் ஒரு பெரிய தாள் சுருளோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"படம் நான் போட்டுத் தரேன் டீச்சர்."

"இது சுவர் இல்லிங்க செல்லமுத்து. புத்தகம். நகம் எத்தனை, பல்லு எத்தனைன்னு சரியா இருக்கணும்."

"அதாங்க வேணும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தாளைச் சுருட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் நின்றார். "எனக்கு அம்பத்தாறு ஆவுது. இதுவரைக்கும் எவ்ளோ வரைஞ்சிருப்பேன்? ஒண்ணு கூட இல்ல டீச்சர். எலெக்சன் வந்தா வெள்ளையடிக்கிறான். புது ஹெட்மாஸ்டர் வந்தா வெள்ளையடிக்கிறாரு. போன வருசம் கச்சிராயபாளையத்துல ஒரு யானை போட்டேன், மூணாம் மாசம் அது மேல சிமெண்ட் வெளம்பரம். புத்தகத்துல யாரும் வெள்ளையடிக்க மாட்டாங்க இல்ல?"

எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நான் விலங்கியல்காரி, இரக்கப்பட்டுக் கரடிக்கு ஆறு விரல் போட விட முடியாது. ஒரு நிபந்தனை வைத்தேன். இருபது படத்தையும் மலைக்குக் கொண்டு போவோம். அடியில் இருக்கும் பெயரை மடித்து மறைத்துவிட்டு, மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் காட்டுவோம். அவர் பார்த்த உடனே பெயர் சொன்னால் படம் புத்தகத்தில். சொல்லாவிட்டால் ஜெயப்பிரகாஷின் போட்டோ. அரைகுறையாக ஒன்றிரண்டு மட்டும் அவர் படம், மற்றது போட்டோ என்றெல்லாம் கிடையாது. இருபதும் தேற வேண்டும்.

"சரிங்க" என்றார் செல்லமுத்து. அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் அந்த இருபதில் பதினாறை நேரில் பார்த்ததே இல்லை.

வேலை தொடங்கும் முன் அவருக்குப் பழைய இயற்கை வரலாற்றுப் புத்தகங்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். எப்படி வரைய வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர் கற்றுக்கொண்டது வேறு. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் நாட்டிலிருந்து ஒரு காண்டாமிருகத்தைக் கப்பலில் போர்ச்சுகலுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியில் இருந்த ஓர் ஓவியர் அதைப் பார்க்கவே இல்லை. யாரோ எழுதிய கடிதத்தையும் யாரோ கிறுக்கிய படத்தையும் வைத்து வரைந்தார். இரும்புக் கவசம் மாட்டினது போல் தோல், போதாததற்கு முதுகில் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு. அந்தக் கொம்பு இருநூறு வருடத்துக்கு மேல் புத்தகம் புத்தகமாகப் போனது. வரைந்தவர்கள் எல்லோரும் காண்டாமிருகத்தைப் பார்க்காமல், அந்தப் படத்தையே பார்த்து வரைந்தார்கள்.

செல்லமுத்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பாக்காமயேவா?"

"பாக்காமயே."

"இருநூறு வருசம் யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல."

"அப்ப நம்ம ஆளு டீச்சர்" என்றார், ரொம்ப சந்தோஷமாக.

இன்னொன்றையும் சொன்னேன். தூரத்துத் தீவுகளிலிருந்து அழகான பறவைகளைப் பாடம் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது காலை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அதைப் பார்த்தவர்கள் அந்தப் பறவைக்குக் காலே கிடையாது, ஆயுசு முழுக்க வானத்திலேயே பறந்துகொண்டிருக்கும் என்று எழுதி, அப்படியே வரைந்தும் வைத்தார்கள். கால் வரையும் வேலை மிச்சம் என்று செல்லமுத்து அபிப்பிராயப்பட்டார். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர் ஓவியர்கள் வரைந்த பறவைகள், அணில்கள், எறும்புதின்னிகள். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும். அவற்றையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது வரைஞ்சது யாருங்க?"

"தெரியல. சிலர் பேரு இருக்குது. பல பேருக்கு இல்ல. வரையச் சொன்ன தொரை பேரு மட்டும் இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று டீயும் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நான்கு மாதம் எங்கள் வீடு ஒரு சந்தைக்கடையாக இருந்தது. அவர் வரைந்துகொண்டு வருவார், நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். முள்ளம்பன்றிக்கு வால் பக்கம் முள் வெள்ளையாக இருக்கும் என்பேன். மாற்றிக்கொண்டு வருவார். காட்டுப்பன்றி சிரிக்கக் கூடாது என்பேன். உதட்டை இறக்கிக்கொண்டு வருவார், பார்த்தால் அழுகிற மாதிரி இருக்கும். தேவாங்கு மட்டும் முதல் தடவையே அசலாக வந்தது. கண்ணை அகல விரித்துக்கொண்டு, மரத்தைக் கெட்டியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. கண்ணாடியைப் பார்த்து வரைந்திருப்பார் என்று பவானி சொன்னார்.

கரடிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. முதலில் வந்தது பிள்ளைகளின் பையில் தொங்கும் பொம்மை. இரண்டாவது பனிப்பிரதேசத்துக் கரடி. நம் கரடிக்கு உடம்பெல்லாம் சடைமுடி, நெஞ்சில் வெள்ளைக் கோடு, நீள நகம் என்று நான் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். ஐந்தாவது தடவை ஒரு கரடி வந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நானும் கரடியைக் கூண்டில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும்போது.

புரட்டாசி மாதம் படங்களோடு பஸ் ஏறினோம். மலை மேல் கரியாலூரில் இறங்கி, ஒரு மைல் நடந்தால் வெள்ளச்சியின் கொல்லை. அங்கே டீச்சராக இருக்கும் என் மாணவி ஒருத்தி, காட்டு மிருகத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். சாமை கதிர் விட்டு நின்றது. கொல்லையின் நடுவில் நாலு கம்பு நட்டுப் போட்ட பரண். அதன் மேல் வெள்ளச்சி உட்கார்ந்திருந்தாள். கையில் தட்டிச் சத்தம் எழுப்ப ஒரு அலுமினியத் தட்டு, ஒரு குச்சி. ஐம்பது வயது இருக்கும். கீழே அவள் கணவர் கரியன் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைச் சுற்றி இடது பக்க முகம் மறையத் துண்டு கட்டியிருந்தார். பல்வலிக்குக் கிராம்பு வையுங்கள் என்று நான் அறிவுரை சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு முள்ளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளச்சி இறங்கி வந்து வரப்பில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டினேன்.

"தேவாங்கு" என்றாள். "அய்ய, அப்படியே கீதே."

அடுத்தது. "மலையணிலு." அடுத்தது. "அழுங்கு. இது சுருண்டுக்கினா நாலு ஆளு சேந்தாலும் பிரிக்க முடியாது டீச்சரம்மா." உடும்பு, கீரி, நரி, மரநாய், ஆந்தை எல்லாம் சரசரவென்று போனது. செல்லமுத்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அங்குலம் வளர்ந்துகொண்டிருந்தார்.

காட்டுப்பன்றியை நீட்டினேன். அவள் பார்த்தாள். பிறகு கொல்லையைப் பார்த்தாள். "தெரியலிங்களே" என்றாள்.

முள்ளம்பன்றி. "தெரியலிங்க." முயல். "இன்னாவோ, தெரியல." குரங்கைத் தெரியவில்லை என்றாள். கரடியைத் தெரியவில்லை என்றாள். கடைசியாக மயிலை நீட்டினேன். தோகை விரித்த மயில். ஐந்து நாள் உட்கார்ந்து கண் கண்ணாக வரைந்த மயில். அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"இதுவும் தெரியலிங்க."

ஒரு மனுஷன் வரைந்த மயிலை மலையில் பிறந்தவளுக்கு மயில் என்று தெரியவில்லை என்றால் அவன் என்னத்தைச் சொல்ல? செல்லமுத்து தாளை வாங்கி மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. இருபதில் ஆறு போய்விட்டது. நிபந்தனை என்னுடையது, அதை மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் முப்பத்திரண்டு வருடம் மதிப்பெண் போட்ட கை, ஒரு மார்க் கூட இரக்கத்துக்குப் போட்டதில்லை என்று பெருமை அடித்துக்கொண்ட கை. மாற்றவில்லை. அன்று செய்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஜெயப்பிரகாஷிடம் போட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டேன். செல்லமுத்து என் வீட்டுப் பக்கமே வரவில்லை. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், ஆனால் மயில் கேட்டு வந்த இரண்டு கடைக்காரர்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று பவானி போனில் சொன்னார்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் செல்லமுத்துவிடமிருந்து போன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

நடந்தது இது. மூன்றாவதாக வந்த ஒரு புடவைக் கடைக்காரர் விடாப்பிடியாக நின்று மயில் வரைய வைத்துவிட்டார். செல்லமுத்து ஏணியில் நின்று கழுத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தார். கீழே யாரோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளச்சி. சாமை விற்க மலையிலிருந்து இறங்கியவள்.

"மயிலு நல்லாக்குது ணா" என்றாளாம்.

செல்லமுத்து ஏணியிலிருந்து விழாதது கடைக்காரர் செய்த புண்ணியம். இறங்கி வந்து, "இன்னாம்மா இது? அன்னிக்குக் காட்டினப்போ மயிலே தெரியாதுன்னு சொன்னியே" என்று கேட்டிருக்கிறார்.

"அன்னிக்குக் கொல்லையில பயிரு நின்னுக்கினு இருந்துச்சே ணா" என்றிருக்கிறாள். "பயிரு நிக்கறப்போ அதுங்க பேரைச் சொல்லுவாங்களா? கூப்புட்டாப்ல ஆயிடாதா? எங்கூட்டுல சொல்ல மாட்டோம். எங்க மாமியா வூட்டுல அப்பலேர்ந்து அப்படித்தான். இப்பதான் அறுத்தாச்சே, இன்னா வேணா சொல்லலாம்."

போனை வைத்துவிட்டு நான் அந்த ஆறு படங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல், குரங்கு, மயில், கரடி. ஐந்து, பயிரைத் தின்பவை. கரடி சாமையைத் தின்னாது, ஆனால் வரப்பில் இருக்கும் புற்றைத் தோண்ட வந்து கால்வாசிக் கொல்லையை நாசம் செய்துவிட்டுப் போகும். தேவாங்கும் அழுங்கும் ஒரு கதிரைத் தொடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள், அந்த வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, ஆறுக்கும் நேராகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

அந்த வாரமே மறுபடியும் மலைக்குப் போனோம். கொல்லையில் அறுத்த பயிரின் அடிக்கட்டைதான் மிச்சம் இருந்தது. பரணைப் பிரித்துவிட்டார்கள். வெள்ளச்சி வீட்டுக்கு முன்னால் பலா மரத்தடியில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் படத்தை நீட்டும் முன்பே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இந்தா பன்னி. இது முள்ளுப்பன்னி. மொசலு. கொரங்கு, இது எங்க கொல்லைக்கு வர்ற நொண்டிக் கொரங்கு மாதிரியே கீது. மயிலு." அடுத்த தாளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "கரடி. இத உள்ள வைங்க டீச்சரம்மா. எங்கூட்டுக்காரரு வர்றாரு."

இருபதும் தேறிவிட்டது. செல்லமுத்து என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாட்சைப் பார்த்து, நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றேன்.

அதற்குள் கரியன் வந்துவிட்டார். அதே துண்டு, அதே கட்டு. வெள்ளச்சி படத்தை மறைக்கப் போனாள், அவர் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இல்ல" என்றார்.

"கரடிதாங்க" என்றேன் நான். "உங்க வீட்டம்மாவே சொன்னாங்க."

"அவ அதோட முதுகுதான் பாத்தா. மூஞ்சியப் பாத்தது நானு."

வெள்ளச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், விடியற்காலையில், புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடி மேல் இவர் தெரியாமல் போய் முட்டிக்கொண்டார். இடது கண் போனது. கன்னமும் போனது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். அதற்கப்புறம் அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிராம்பு வைக்கச் சொன்ன நான் எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன்.

"செல்லமுத்து, கிளம்பலாம்" என்றேன். "படம் தேறிடுச்சு. அவரக் கஷ்டப்படுத்த வேணாம்."

"நீங்க போங்க டீச்சர்" என்றார் அவர். அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. கரியனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டார். "சொல்றீங்களாண்ணா? வேணாம்னா வேணாம்."

கரியன் கையிலிருந்த படத்தை ஓரமாக வைத்தார். பிறகு துண்டை அவிழ்த்தார். உள்ளங்கையைத் தன் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்திக் காட்டினார். "இவ்ளோ கிட்ட" என்றார்.

நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. நாய்க்குப் பயந்து ரோட்டைத் தாண்டுகிற மனிதர் அந்த முகத்துக்கு நேரே, முட்டி இடிக்கிற தூரத்தில், கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததை விட்டுவிட்டு எப்படிப் போவது?

"மூஞ்சி கறுப்பு இல்ல. நீங்க கறுப்பாப் போட்டுக்கீறீங்க. வாய்ப்பக்கம் வெளுப்பு, சாம்பல் பூசுனாப்ல. நீளமா. ஒதடு தொங்குது. அது தனியா ஆடும்." செல்லமுத்து வரைந்தார். கரியன் விரலால் தாளில் தொட்டு, இங்கே இன்னும் கம்மி, இங்கே ஜாஸ்தி என்றார். "காதுல மசுரு. காதே தெரியாது, மசுருதான் தெரியும். வாயத் தொறந்துச்சு. மேல நடுவுல ரெண்டு பல்லு இல்ல."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் கரடி இனத்துக்கே மேல்தாடையில் முன்பல் இரண்டு கிடையாது. கறையானை உறிஞ்ச அந்த இடைவெளி. முப்பத்திரண்டு வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். செல்லமுத்துவிடம் சொல்ல மறந்தும் போயிருக்கிறேன். புத்தகத்தில் படித்ததால் மறந்தது. இவர் மறக்கவில்லை.

முகம் வந்துவிட்டது. கண் மட்டும் பாக்கி. செல்லமுத்து பென்சிலை எடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஓவியர் மட்டுமே கேட்கக் கூடிய கேள்வி.

"கண்ணு எங்க பாத்துச்சுண்ணா? உங்களையா?"

கரியன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னை இல்ல" என்றார் கடைசியில். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது போல் தெரிந்தது. "என் மேலதான் கெடந்துச்சு. ஆனா என்னைப் பாக்கல. எனக்குப் பின்னால பாத்துச்சு. மேட்டுப் பக்கம்."

செல்லமுத்து கண்ணை வரைந்தார். சின்னக் கண், ஓரத்துக்கு ஒதுங்கிய பார்வை. தாளைத் திருப்பிக் கரியன் பக்கம் காட்டினார்.

அந்தப் படம்தான் இப்போது புத்தகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் பக்கம். கீழே வரைந்தவர் செல்லமுத்து, சொன்னவர் கரியன் என்று போட்டிருக்கிறோம். ஜெயப்பிரகாஷ் அச்சடிக்கும்போது, கரடி நேராகப் பார்க்காமல் எங்கேயோ பார்க்கிறதே, மாற்றச் சொல்லலாமா என்று கேட்டான். வேலையைப் பார் என்றேன். ஐந்நூறு பிரதி மலைப் பள்ளிகளுக்குப் போயாகிவிட்டது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு செல்லமுத்து நைனார்பாளையம் முழுக்கச் சுற்றினார் என்றும், நாய் குறுக்கே வந்தபோது புத்தகத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார் என்றும் பவானி சொல்கிறார். இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று நடந்ததை முடித்துவிடுகிறேன்.

கரியன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்துக்கினு கீது" என்றார். "இத்தினி நாளா நான் அதப் பாக்கல. எதையோ பாத்துப் பயந்துக்கிச்சு. அதான் வுட்டுட்டு ஓடுச்சு." பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். "மேட்டுப் பக்கத்துலேர்ந்து நீதான வந்த?"

வெள்ளச்சி எழுந்து நின்றுவிட்டாள். "தட்ட அடிச்சுக்கினு ஓடியாந்தேன்" என்றாள். "நான் வர்றப்போ அது முதுகக் காட்டிக்கினு போவுது. நான் லேட்டாதான் வந்தேன். அதுவே வுட்டுட்டுப் போச்சு. நான் இன்னும் கொஞ்சம் வெரசா ஓடியாந்திருந்தா உன் கண்ணு..." மேலே பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதினோரு வருடமாக அவளும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது.

கரியன் படத்தை அவள் பக்கம் திருப்பி, அந்தக் கண்ணுக்கு நேரே விரலை வைத்தார்.

"உன்னப் பாத்துதான் புள்ள ஓடுச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் வந்து சேந்துட்டேனா?"

"வந்துட்ட" என்றார் கரியன்.